பதினாலு புள்ளி ஒண்ணு

மைலேஜ் என்ன தரும்னு கேட்டீங்க பாருங்க, அந்த ஒரு கேள்வியிலேயே உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு. இதுக்கு முன்னால மூணு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஒருத்தர் சீட் கவரைத் தடவிப் பார்த்தார். ஒருத்தர் நம்பர் ப்ளேட்டைக் கூட்டிப் பார்த்து ராசி இல்லைன்னுட்டார். மூணாவது ஆள் வண்டி முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டார், அதோட சரி. மைலேஜை ஒருத்தரும் கேட்கலை. பெரிய வண்டி வாங்கறவன் மைலேஜ் கேட்டா கௌரவக் குறைச்சல்னு ஒரு நினைப்பு. நீங்க கேட்டீங்க. உட்காருங்க. கோதை, பல்லடத்துல இருந்து வந்திருக்காங்க பாரு, டீ வை.

பதினாலு புள்ளி ஒண்ணு.

சும்மா வாயில வந்ததைச் சொல்லலைங்க. ஏழு சீட்டு டீசல் வண்டி, ரெண்டு டன் எடை, இதுல போயி பதினாலான்னு உங்க மனசுல ஓடறது எனக்குத் தெரியும். நீங்க மட்டுமில்லை, எல்லாரும் அப்படித்தான். ஆனா இது அளந்து பார்த்த கணக்கு. அளந்தது யாரு? என் தம்பி ரகுபதி. கோயமுத்தூர்ல காலேஜ்ல கணக்கு வாத்தியார். கணக்குல அவன் பொய் சொல்ல மாட்டான். பத்தாவது படிக்கறப்போ பேப்பர்ல கூட்டல் தப்பாகி ரெண்டு மார்க் அதிகமா விழுந்திருந்தது. இவனே எழுந்து போய், சார் ரெண்டு கொறைங்கன்னு கொறைச்சுக்கிட்டு வந்தவன். எங்கப்பா அன்னைக்கு அடிச்ச அடி இருக்குதே! அடிச்சும் திருந்தலை. தன் மகன் உயரத்தை ஸ்கூல் பாரத்துல அரை இஞ்சு கூட்டிப் போடச் சொன்னா மாட்டேங்கறவன். அவன் வாயால வந்த நம்பர்ங்க இது.

எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். டீ வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

எங்களுக்கு ஒரே தங்கச்சி, வளர்மதி. இங்க முத்தூர்ல கட்டிக்கொடுத்திருக்கு. அதுக்கு ரெண்டு குழந்தைங்க. மூத்தவனுக்குக் காது குத்தினப்போ என் மடியிலதான் உட்கார வெச்சுக் குத்தினாங்க. பெரிய தாய்மாமன் நான் இருக்கேன், வேற யார் மடி? ரெண்டாவது பொண்ணு மகிழினி. அப்ப மூணு வயசு. அதுக்குக் காது குத்து வைகாசியில, மாப்பிள்ளை வகையறாவோட குலதெய்வம் கோயில்ல, கொல்லிமலை மேல. மூணு வருசத்துக்கு முந்தி.

தட்டத்துல வெத்தலை பாக்கு வெச்சுக்கிட்டு வளர்மதி அழைக்க வந்தா. கடையில இருந்தேன். உரக்கடைங்க எனக்கு, வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம், நாற்பது வருசக் கடை. வந்தவ, பெரியண்ணா பெரியண்ணான்னு ரெண்டு தடவை இழுத்துட்டுச் சொல்றா: "மூத்தவனுக்கு நீ உட்கார்ந்துட்டே. மகிழுக்கு இந்த ஒரு தடவை சின்னண்ணன் உட்காரட்டுமே."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! உசுரோட பெரியவன் நான் இருக்கறப்போ! தட்டத்தை வாங்கி யூரியா மூட்டை மேல வெச்சேன். சரின்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை. கோதை கூடக் கேட்டா, "ஏனுங்க, அவருக்கும்தானே தங்கச்சி?"ன்னு. அதெல்லாம் பொம்பளைங்க பேச்சு. ரகுவுக்கு இதெல்லாம் பெரிசே இல்லைங்க. அவன் உண்டு, அவன் நோட்டு உண்டு. இதுக்குன்னு புதுசா பட்டு வேட்டி எடுத்திருக்கான்னு அவன் சம்சாரம் சொன்னதா கோதை சொன்னா. பட்டு வேட்டி யாருதான் எடுக்கறதில்லை?

அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் இங்க சாப்பிட வந்திருந்தாங்க. வண்டி வாங்கி நாலு மாசம். புதுக் கருக்கு மாறலை. சாப்பாட்டுக்கு நடுவுல நான் சொன்னேன், வண்டி பதினஞ்சே முக்கால் தருதுன்னு. ரகு ரசத்தை ஊத்திக்கிட்டே கேட்டான், "எப்படிண்ணா பார்த்தே?"

"ஸ்கிரீன்ல காட்டுதுடா. கம்பெனிக்காரன் பதினாறரை சொல்றான். இது பதினஞ்சே முக்கால் காட்டுது."

"கம்பெனிக்காரன் சொல்றது ரூமுக்குள்ள உருளை மேல ஓட்டிப் பார்த்துண்ணா. ஏசி கிடையாது, ஏழு ஆள் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, குறுக்க மாடு வராது. நம்ம ரோட்டுல பத்து பதினொண்ணு தந்தாலே நல்ல வண்டி."

"அப்ப ஸ்கிரீன் பொய் சொல்லுதா?"

"பொய் இல்லை. கொஞ்சம் ஆசைப்படுது."

எல்லாரும் சிரிச்சாங்க. தங்கராசு மாப்பிள்ளை, வளர்மதி வீட்டுக்காரர், புரையேறிப் போயி தலையைத் தட்டிக்கிட்டார். என் வீட்டுல, என் சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டு, என் வண்டியைச் சொல்லிச் சிரிக்கறாங்க. மடி விசயம் வேற நெஞ்சுல முள்ளா நிக்குது. என்னமோ ஒண்ணு ஏறிடுச்சுங்க. எச்சிக் கையோட எழுந்து நின்னேன்.

"டேய் ரகு. கொல்லிமலைக்கு இதே வண்டியில போவோம். நீயே அள. பதினாலுக்கு மேல தந்தா மகிழ் என் மடி. ஒரு புள்ளி கொறைஞ்சாலும் உன் மடி. அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா என் பேரு சென்னியப்பன் இல்லை."

வளர்மதி இலையை மூடிட்டா. "ஏன் பெரியண்ணா, எம் புள்ளை என்ன டீசலா? லிட்டர் கணக்குல பேசறீங்க?"

"வார்த்தை விட்டாச்சு கண்ணு. இனி எடுக்க முடியாது."

ரகு என்னைப் பார்த்தான். "வேண்டாம்ண்ணா"ன்னான். பயந்துட்டான், பாருங்க. ஜெயிக்கறவன் எவனாவது வேண்டாம்பானா?

அதுக்கப்புறம் பத்து நாள் இருந்துச்சு. நான் தூங்கலை. டீசல் எங்க போவுது, எதனால போவுதுன்னு கேட்காத ஆள் இல்லை. லாரி டிரைவருங்ககிட்டக் கேட்டேன், டிராக்டர் மெக்கானிக்கிட்டக் கேட்டேன். டயர்ல காத்தைக் கூட்டி வெச்சேன். வெயிட்டைக் குறைச்சா மைலேஜ் கூடும்னாங்க. மிதியடி, டூல்ஸ், பின்னால கிடந்த குடை, ரெண்டு தண்ணி பாட்டில், மூணாவது வரிசை சீட்டுல மாட்டியிருந்த தலையணைகூட எடுத்துட்டேன். சாமி படத்தை மட்டும் விட்டேன். ஏசி போட்டா ஒண்ணரை கிலோமீட்டர் போச்சு. ஏசியை நிறுத்திட்டு ஜன்னலைத் திறந்தா காத்து உள்ள புகுந்து வண்டியைப் பின்னால இழுக்குமாம், அதுல ஒண்ணு போச்சு. ஆக, ஏசியும் கூடாது, ஜன்னலும் கூடாது. அறுபதுக்கு மேல போகக் கூடாது. பிரேக் மிதிக்கக் கூடாது. மிதிச்சா, எரிச்ச டீசல் அத்தனையும் தண்டம்.

நான் காலையில ஒரு இட்லியோட நிறுத்திக்கிட்டேன். கோதையையும் நகையைக் கொஞ்சம் கம்மியா போட்டுக்கன்னு சொன்னேன். "அப்பத் தாலிக்கொடியும் கழட்டித் தரட்டுங்களா? ரெண்டு மீட்டர் சேர்ந்து ஓடும்"னா. கோபம் வந்தா அவ பேச்சு அப்படித்தான் இருக்கும்.

அந்த நாள் வந்துச்சு. நான் என்ன நினைச்சேன்னா, நான், ரகு, குழந்தை, வளர்மதி, கோதை. அஞ்சு பேர். மத்தவங்க வேன்ல வரட்டும். காலையில ஆறரைக்கு வாசல்ல வந்து பார்த்தா, தங்கராசு மாப்பிள்ளை நிக்கறார். அவர் பக்கத்துல அவரோட பெரியப்பா மகனுங்க ரெண்டு பேர் நிக்கறாங்க. ஆளுக்கு நூறு கிலோ இருப்பாங்க. வேன்ல இடமில்லையாம். அவங்க பக்கத்துல ஒரு அண்டா. கிடா விருந்துக்குச் சோறாக்கற அண்டா. அண்டா பக்கத்துல கிடா.

"ஏனுங் மாப்பிள்ளை, கிடா எதுக்குங்க இந்த வண்டியில?"

"வேன்ல ஏத்தினோம் மச்சான். சீர்த் தட்டத்துல இருந்த வாழைப்பழத்தைத் தின்னுடுச்சு. உங்க வண்டிதான் பெரிய வண்டியாச்சே."

பெரிய வண்டிங்க. அதுதான் பெரிய வண்டி வெச்சிருக்கறவன் தலையெழுத்து. மாப்பிள்ளையை இல்லைன்னு சொல்ல முடியுமா? அண்டாவை மேல கேரியர்ல கட்டினாங்க, வாய் முன்னால பார்த்த மாதிரி. அவிழ்த்துத் திருப்பிக் கட்டுங்கன்னு கெஞ்சினேன். வாய் முன்னால இருந்தா காத்தைக் குடிக்கும், வண்டியை இழுக்கும். திருப்பிக் கட்டினாங்க. கிடாவைப் பின்னால ஏத்தினோம். அது ஏறினதும் என்னைத்தான் பார்த்துச்சு. கடைசி வரைக்கும் என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

நேரா பங்க்குக்குப் போனோம். கணக்கு என்னன்னா, இங்க டேங்க்கை நிரப்பணும். மலை அடிவாரத்துல காரவள்ளியில மறுபடி நிரப்பணும். அங்க எத்தனை லிட்டர் ஏறுதோ, அத்தனை லிட்டர் செலவு. ஓடின கிலோமீட்டரை அதால வகுத்தா மைலேஜ். ரகு கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து நோட்டுல எழுதிக்கிட்டான். டீசல் ஏறி டக்குன்னு தானா நின்னது. எமகண்டம் ஆரம்பிக்க நாலு நிமிசம்தான் இருந்துச்சு. கிளம்பு கிளம்புன்னு கிளம்பிட்டோம்.

அறுபதுங்க. ஊசி அந்த அறுபதை விட்டு அசையலை. கரூர் ரோட்டுல எங்களை யார் யார் தாண்டிப் போனாங்கன்னு கேட்கறீங்களா? பஸ் போச்சு. பால் வண்டி போச்சு. கோழி ஏத்தின டெம்போ போச்சு, கோழியெல்லாம் திரும்பிப் பார்த்துச்சுங்க. ஒரு பெரியவர் மொபெட்ல தீவனப்புல் கட்டு வெச்சுக்கிட்டு, பக்கத்துல கொஞ்ச தூரம் கூடவே வந்தார். ஜன்னலைத் தட்டி, "வண்டியில ஏதாச்சும் ரிப்பேருங்களா?"ன்னு கேட்டுட்டு, அவரும் தாண்டிப் போயிட்டார்.

உள்ள வெயில் ஏறுது. வைகாசி மாசம், பட்டுச்சேலை, எட்டுப் பேர், ஒரு கிடா, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கு. 

"பெரியண்ணா, ஏசி"ன்னா வளர்மதி.

"கரூர் தாண்டட்டும் கண்ணு."

கரூர் தாண்டுச்சு. "பெரியண்ணா."

"நாமக்கல் தாண்டட்டும் சாமி."

மகிழ் சொல்லுச்சு, "பெரிய மாமா, நான் வேகறேன்." அந்தக் குழந்தை சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. எல்லாம் உனக்காகத்தான் கண்ணு, என் மடியில உட்காரப் போறியில்லன்னு சொன்னேன். முன் சீட்டுல நோட்டோட இருந்த ரகு, பின்னால கையை நீட்டிக் குழந்தையைத் தூக்கித் தன் மடியில வெச்சுக்கிட்டு, அந்த நோட்டாலயே விசிற ஆரம்பிச்சுட்டான். எழுதறதை விட்டுட்டு விசிறறான். கவனக்குறைவைப் பாருங்க! நான்தான் கிலோமீட்டரை ஞாபகம் வெச்சுக்கிட்டு வந்தேன்.

காவிரிப் பாலம் வந்தது. எல்லாரும் ஒரே குரல்ல கேட்டாங்க. கிடாவும் கத்துச்சு. சரி, மனுசன்தானே நானும். ஒரு இஞ்சு இறக்கினேன். பாலம் முடிஞ்சதும் ஏத்திட்டேன்.

பரமத்தி தாண்டினதும் தங்கராசு மாப்பிள்ளை, "மச்சான், ஒரு ரெண்டு நிமிசம் ஓரமா நிறுத்துங்க"ன்னார். 

"எதுக்குங்க மாப்பிள்ளை?"

"எதுக்குன்னா... எதுக்குத்தான் நிறுத்துவாங்க?"

"நின்ன வண்டியை மறுபடி அறுபதுக்குக் கொண்டு வர எவ்வளவு டீசல் போகும் தெரியுங்களா? இன்னும் முக்கால் மணி நேரம்தானுங்க."

வீட்டு மாப்பிள்ளைங்க அவர். எங்க சாதிசனத்துல மாப்பிள்ளை கேட்டா உசுரைக் கொடுப்போம். நான் வண்டியை நிறுத்தலை. அவர் காலை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தார். அவரோட பெரியப்பா மகன் ஒருத்தர், "தங்கராசு, வெயிட்டு கொறைஞ்சா மைலேஜ் கூடும்னு சொல்லிப் பாருடா"ன்னார். அந்த வண்டியில அப்ப ஒரு சிரிப்பு கிளம்புச்சு பாருங்க! வேர்த்து ஊத்துது, மூச்சு முட்டுது, அழற மாதிரி சிரிக்கறாங்க. கோதை சிரிச்ச சிரிப்புல கண் மை கன்னம் வரைக்கும் வந்துடுச்சு. வளர்மதி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டா. எனக்கும் வந்துச்சு. ஆனா சிரிச்சா கால் ஆக்சிலேட்டர்ல அழுந்தும்னு அடக்கிக்கிட்டேன்.

காரவள்ளி பங்க்கு. மணி ஒன்பதேகால். மாப்பிள்ளை வண்டி நிக்கறதுக்கு முன்னாலயே இறங்கி ஓடிட்டார். மீட்டர்ல சரியா நூத்தியஞ்சு கிலோமீட்டர். ரகு எழுதிக்கிட்டான்.

பங்க்குல காக்கிச் சட்டை போட்ட ஒரு அம்மா டீசல் போட்டுச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நம்பரைப் பார்க்கறேன். ஒண்ணு... மூணு... ஆறு... எட்டே கால்ல டக்குன்னு நின்னது. 

ரகு, "போதும்மா, எடுத்துடுங்க"ன்னான்.

இங்கதாங்க நீங்க என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். எனக்கு நியாயம்னா நியாயம். லாரிக்காரங்க என்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தாங்க. பெரிய டேங்க்குல மூலையில காத்து நிக்கும், வண்டியைக் குலுக்கினா காத்து வெளிய வந்து டீசல் அடங்கும், அதுதான் ஒழுங்கான புல் டேங்க்குன்னு. வெள்ளகோவில்ல அவசரத்துல குலுக்க மறந்துட்டோம். இங்கயாவது ஒழுங்கா செய்யணுமில்லை? "குலுக்குங்கடா"ன்னேன்.

ரகு குறுக்க வந்தான். "வேண்டாம்ண்ணா. அங்க குலுக்கலை. இங்கயும் குலுக்கக் கூடாது. குலுக்கினா..."

"ஏண்டா, தோத்துருவோம்னு பயமா?"

"அண்ணா, நான் சொல்றதைக் கேளு."

"நீ கோயமுத்தூர் வாத்தியார். லாரி ஓட்டறவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடும்? குலுக்குங்க!"

அந்தப் பெரியப்பா மகனுங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாங்க. கோதை, வளர்மதி ரெண்டு பேரும் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டுப் பிடிச்சாங்க. லேட்டா கிளம்பின எங்க வேனும் பின்னால வந்து சேர்ந்தது, அதுல இருந்த ரகு சம்சாரமும் மத்தவங்களும் என்ன ஏதுன்னு கேட்காமலேயே இறங்கி வந்து பிடிச்சாங்க. ஏலேலோன்னு வண்டி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடுது. மேல அண்டா டங்கு டங்குங்குது. உள்ள கிடா, சீட்டோட சீட்டா விழுந்து எழுந்து கத்துது. அந்த பங்க்கம்மா கேட்டுச்சு, "ஏனுங்க, வண்டிக்குக் காது குத்தா?"

குலுக்கக் குலுக்க டீசல் குளுகுளுன்னு இறங்குச்சு. போடு போடுன்னேன். வாய் வரைக்கும் தளும்பி நின்னப்போ நம்பர் பன்னெண்டு. பன்னெண்டு புள்ளி சைபர் சைபர். தெய்வ சங்கல்பம் மாதிரி முழு நம்பர்.

அப்புறம் எல்லாரும் ரகுவைப் பார்த்தாங்க. எனக்குக் கூட்டல் வரும், பெருக்கல் வரும். வகுத்தல் வராதுங்க. உரக்கடையில வகுத்தலுக்கு வேலை இல்லை. நான் கண்ணை மூடிக்கிட்டேன். சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டிக் கிடக்கு. காலையில சாப்பிட்ட ஒரு இட்லி எங்க போச்சுன்னே தெரியலை. அம்மா தாயே, இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவைன்னு வாய்விட்டே சொல்லியிருக்கேன் போல. பின்னால கோதை சொல்லித்தான் தெரியும். ரகு நோட்டைப் பார்க்கறதை விட்டுட்டு என்னையே பார்த்துக்கிட்டு நின்னானாம். ரொம்ப நேரம் நின்னானாம். அவ்வளவு பெரிய கணக்குபோல.

அப்புறம் தொண்டையைச் செருமினான். "பதினாலு புள்ளி ஒண்ணு"ன்னான்.

வளர்மதி, "சின்னண்ணா..."ன்னா. அவன் நோட்டை மூடிச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டான். "பதினாலு புள்ளி ஒண்ணு. பெரியண்ணன் ஜெயிச்சாச்சு. நேரமாகுது, ஏறுங்க." அப்புறம் கிளம்புச்சு பாருங்க சிரிப்பு! மாப்பிள்ளை பங்க்கு தூணைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறார். பெரியப்பா மகனுங்க தரையிலயே உட்கார்ந்துட்டாங்க. அந்தக் காக்கிச் சட்டை அம்மாகூட, பன்னெண்டு போட்ட டீசல் மெஷினைப் பார்க்குது, என்னைப் பார்க்குது, சிரிக்குது. நான் ஜெயிச்சதுல மனுசங்களுக்கு அத்தனை சந்தோசம். இன்னைக்கும் நான் இந்தக் கதையை எடுத்தா எங்க சொந்தத்துல சிரிக்காத ஆள் கிடையாது.

அதோ பாருங்க, அந்தக் காலண்டர் பக்கத்துல மாட்டியிருக்கற போட்டோ, அப்ப எடுத்ததுதான். நடுவுல நான். எனக்கு இந்தப் பக்கம் ரகு. அந்தப் பக்கம் டீசல் மெஷின். மெஷின்ல நம்பர் கூடத் தெரியும் பாருங்க, பன்னெண்டு புள்ளி சைபர் சைபர். நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டா அத்தாட்சி வேணுமில்லை?

அதுக்கப்புறம் ஏசியைப் போட்டேன் பாருங்க, கடைசி நம்பர் வரைக்கும்! எழுபது கொண்டை ஊசி வளைவு. இனி எவ்வளவு குடிச்சா என்ன, குடி குடின்னு விட்டேன். வண்டி மலையை நிமிர்ந்து நிமிர்ந்து ஏறுச்சு. மகிழ் ரகு மடியிலயே தூங்கிப்போச்சு. மேல போய் எழுப்பி என் மடிக்கு மாத்தினோம். எழுந்ததுமே ஆசாரியைப் பார்த்துட்டுக் கத்த ஆரம்பிச்சுது. என் மீசையை ஒரு கையில பிடிச்சுது, காதை ஒரு கையில பிடிச்சுது. ரகு கீழ மண்ணுல அந்தப் புதுப் பட்டு வேட்டியோட மண்டி போட்டு உட்கார்ந்து, அதோட ரெண்டு காலையும் பிடிச்சுக்கிட்டான். அது உதைச்ச உதை எல்லாம் அவன் நெஞ்சுலதான். உதை வாங்கிக்கிட்டே, "ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லு கண்ணு, பத்துக்குள்ள முடிஞ்சிரும்"னு எண்ணிக்கிட்டு இருந்தான். ஏழுல முடிஞ்சிருச்சு. அவன் அப்பவும், "பாரு, மாமா சொன்னா சரியா இருக்கும்"னான். நான் அழுதுட்டேங்க. என்னத்துக்குன்னு தெரியலை. சந்தோசம்தான்.

இப்ப பசங்க ரெண்டு பேரும் ஹாஸ்டல்ல. நானும் கோதையும் மட்டும். ரெண்டு பேருக்கு ஏழு சீட்டு வண்டி, அண்டாவுல டீ போட்ட மாதிரின்னு அவ சொல்றா. அதனாலதான் கொடுக்கறது. மத்தபடி வண்டி தங்கம்.

என்ன, போனை எடுத்துட்டீங்க? போன் வந்திருக்குங்களா? இல்லை? பின்ன என்னத்தைத் தட்டறீங்க? கணக்கா? போடுங்க போடுங்க, நல்லா போட்டுப் பாருங்க. நூத்தியஞ்சு. ஆமாங்க, நூத்தியஞ்சு. வகுத்தல் பன்னெண்டு. 

எட்டே முக்காலா?

தப்பா அமுக்கிட்டீங்க. மறுபடி போடுங்க. ஒண்ணு, சைபர், அஞ்சு... கொடுங்க, நான் போடறேன். இந்தக் கோடு போட்டு மேல கீழ புள்ளி வெச்சதுதானே வகுத்தல்? பன்னெண்டு. சமம்.

எட்டு புள்ளி ஏழு அஞ்சு.

பன்னெண்டு எட்டு தொண்ணூத்தியாறு. பெருக்கல் எனக்கு வருமுங்க. பன்னெண்டை பதினாலால பெருக்கினா நூத்தி அறுபத்தெட்டு. நூத்தி அறுபத்தெட்டு கிலோமீட்டர் நாங்க போகலை. நூத்தியஞ்சுதான் போனோம்.

இருங்க. சித்தே இருங்க.

கோதை. இங்க வா. டீயை அப்புறம் வைக்கலாம், வா. ஏன் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறே? உனக்குத் தெரியுமா?

தெரியுமா! எத்தனை நாளா?... அந்த பங்க்குலயே? வளர்மதிக்கு? மாப்பிள்ளைக்கு?... கேட்டீங்களா இவ சொல்றதை? அந்தக் கிடாவுக்கே தெரியுமாம். மூணு வருசம்! மூணு வருசமா கல்யாணம், கருமாதி, வளைகாப்புன்னு ஒரு இடம் விடாம இந்தக் கதையைச் சொல்லியிருக்கேன். அந்தப் போட்டோவுக்கு நான்தாங்க ஆணி அடிச்சேன். ரெண்டு மார்க் வேண்டாம்னு கொறைச்சுக்கிட்டு வந்த பயல், அஞ்சு கிலோமீட்டருக்கு மேல தூக்கிக் கொடுத்திருக்கான்!

சிரிக்கறேனா அழறேனான்னு பார்க்காதீங்க. எனக்கே தெரியலை. அந்தத் துண்டை எடு கோதை. போனையும் எடு. இல்லைங்க, நீங்க போக வேண்டாம், உட்காருங்க, நீங்கதானே கண்டுபிடிச்சீங்க. ஸ்பீக்கர்ல போடறேன். மூச்சுக் காட்டாதீங்க.

"ரகு, கிளாஸ்ல இருக்கியா?"

"இல்லைண்ணா, சொல்லு."

"ஒண்ணுமில்லைடா. நாம மகிழ் காது குத்துக்குப் போனோமே, அன்னைக்கு நம்ம வண்டி எவ்வளவு கொடுத்துச்சு?"

"பதினாலு புள்ளி ஒண்ணு."

"நல்லா யோசிச்சுச் சொல்றா."

"இதுல யோசிக்க என்னண்ணா இருக்கு? பதினாலு புள்ளி ஒண்ணு. ஏன், யாராவது சந்தேகப்படறாங்களா? வண்டி பார்க்க வந்த ஆளா? பக்கத்துல இருந்தா போனை அவர்கிட்டக் கொடு."

இந்தாங்க. உங்ககிட்டத்தான் பேசணுமாம். கணக்கு வாத்தியாருங்க, பொறுமையா எடுத்துச் சொல்வான். கேளுங்க.